தம்பிக்குச் சென்னையில் எடுத்த படம்

தம்பியின் கழுத்தில் கட்டி எழும்பியபோது தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், தலைவலிக்குப் போடும் பெனடோல் கொடுத்தார். எங்கள் அப்பாவின் நெஞ்சுவலிக்கும் அவர் பெனடோல்தான் கொடுத்தார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அந்தக் குளிசையைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் கொடுப்பதை வாங்கித்தான் பழக்கம்.

"குளிர்ல கழுத்துல நெறி கட்டும். உப்பு ஒத்தடம் குடு" என்றாராம் அம்மாவிடம்.

"ரெண்டு மாசமா கட்டியிருக்குதுங்களே ஐயா."

"நீ டொக்டரா, நான் டொக்டரா?"

இரண்டு பேருமே இல்லை. அதைச் சொல்ல நான் அங்கே இல்லை.

நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டம் அது. அம்மா கொழுந்து எடுத்தாள். தம்பிக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். நான் பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பதுளையிலேயே ஓர் அறையில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போவேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். வடக்கில் சண்டை முடியாத காலம்.

கட்டியைவிட அரிப்புதான் அவனைப் படுத்தியது. உடம்பில் ஒரு புள்ளியும் இராது, தடிப்பும் இராது, ஆனால் அரிக்கும். கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்பான்.

"மாடு மாதிரி ஒரசாதடா. நெல சாஞ்சிரும்" என்பாள் அம்மா.

"சாஞ்சா தோட்டத்துத் தொரை புதுசு கட்டித் தருவாரு."

"ஆமா, தருவாரு. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து தர்றாரு."

பனிக்காலத்திலும் அவன் சட்டை வியர்வையில் நனைந்து கிடந்தது. இடுப்பில் காற்சட்டை நிற்கவில்லை. அம்மா கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினாள். நூல் கட்டிய இடத்துக்கு மேலேயே இன்னொரு கட்டி வந்தது. அடுத்த ஞாயிறு நான் போய்ப் பார்த்துவிட்டு, அம்மாவோடு சண்டை பிடித்து, மறுநாளே அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

அங்கே ஒரு டொக்டரம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கட்டியை விரல்களால் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதில் கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த நாளில் எங்கள் மூவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். தோட்டத்து ஆட்களை உட்காரச் சொல்லும் டொக்டர்கள் குறைவு. அதனாலேயே நான் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தேன்.

"இது நிணநீர்க் கணுவில வாற கான்சர். நெஞ்சுக்குள்ளயும் கிடக்கு. ஆனா சுகமாகி மாறக்கூடிய கான்சர், விளங்குதோ? இளம் ஆக்களுக்குத்தான் கூடுதலா வாறது. மருந்து பிடிச்சால் முழுக்க மாறும்."

அம்மாவின் காதில் கான்சர் என்ற சொல்லோடு எல்லாம் நின்றுவிட்டது. தம்பி மட்டும் கேட்டான்: "பிடிக்காட்டி?"

"பிடிக்காட்டி வேற மருந்து இருக்கு. அது உடம்பைப் போட்டு உலுப்பும். அதால முதல்ல லேசானதைத்தான் போடுறது."

கொழும்புப் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வர வேண்டும். வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்குவார்கள். தமிழ்ப் பையன், அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம், கையில் ஊசி குத்திய கறுப்புத் தடங்கள். ஒவ்வொரு முறையும் சட்டைக் கையை மடித்துக் காட்டி, கழுத்தைக் காட்டி, சிங்களத்தில் விளக்கம் சொல்லிவிட்டு ஏறுவான். ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே வாந்தி. தலைமயிர் கொட்டிய பிறகு ஒரு சிப்பாய் அவனைப் பார்த்துத் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போ என்று கையைக் காட்டினானாம். "மொட்டைக்கு மரியாத இருக்கு அக்கா" என்றான் தம்பி.

கழுத்துக் கட்டி சுருங்கியது. நெஞ்சுக்குள் இருந்தது கொஞ்சம் சுருங்கி, அப்படியே நின்றது. மருந்து பிடிக்கிறதா இல்லையா? அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கொழும்பில் கேட்டால் பார்ப்போம் என்றார்கள். பார்ப்போம் என்ற சொல்லைப் போல ஆத்திரம் வருகிற சொல் எனக்கு வேறு இல்லை. நான் பதுளை டொக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"சாதாரண ஸ்கான் கட்டியின்ர அளவைத்தான் காட்டும்" என்றார். "கட்டி செத்தாலும் தழும்பு கிடக்கும். உசிரோட கிடக்கோ, செத்துக் கிடக்கோ எண்டு அது சொல்லாது. இப்ப சென்னையில ஒரு புது ஸ்கான் வந்திருக்கு. கான்சருக்குச் சீனிப் பசி. கதிர்வீச்சு கலந்த சீனியைக் கொஞ்சமா ஊசியில ஏத்துவினம். உசிரோட இருக்கிற கான்சர் அதை இழுக்கும். படத்தில அந்த இடம் கறுப்பாத் தெரியும். கறுப்பு இல்லாட்டி இந்த மருந்தே காணும், மாத்தத் தேவையில்லை. கறுப்பாக் கிடந்தால் இப்பவே மருந்தை மாத்தலாம். முழுக்கப் போட்டு முடிச்சிட்டுப் பிடிக்கேல்ல எண்டு அறியிறது பெரிய நட்டம், பிள்ளை."

போகும்போது என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். "முதல் நாள் இரவுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடக்கூடாது. வெறும் வயித்தோட போகவேணும்."

"அது என்னாங்க பெரிய விசயம்" என்றாள் அம்மா. "நாங்க தெனமும் வெறும் வயித்தோடதான மலைக்குப் போறோம்."

சென்னைக்குப் போக எங்களிடம் வழி இல்லை. என் முதலாளியிடம் கேட்டேன். அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து துணிமூட்டையோடு பதுளைக்கு வந்தவர். முதலாளி சேலை எடுக்கச் சென்னைக்குப் போய்வருவார்.

"மெட்ராஸா? எனக்கே அந்த வெயில் தாங்காது புள்ள. ஒன் தம்பி தாங்குவானா?"

"தாங்காட்டி இங்க இருந்தும் தாங்க மாட்டான் முதலாளி."

"வாய் மட்டும் கொறையாது ஒனக்கு" என்றார். ஆனால் டிக்கட்டுகளை அவரே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "மூணு பேருக்கும் லக்கேஜ் இருக்குமில்ல? வர்றப்ப கொஞ்சம் சேலை கொண்டாந்துருங்க. வெறுங்கையோடயா வருவீங்க?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவர் கொடுத்ததற்கு ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் எதையும் கொடுக்காமலே புத்தி சொன்னார்கள்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்ததுதான் பெரும்பாடு. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. பெண் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். "புள்ளைய அனுப்பிட்டு நான் இங்க கொழுந்து கிள்ளவா?" என்று ஒரே பிடியாக நின்றாள்.

சென்னைக்கு வெளியே அம்மாவின் அண்ணன் இருந்தார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன குடும்பம். இங்கே இருந்தவரை இந்தியாக்காரன் என்று பேர் வாங்கினார். அங்கே அந்தத் தெருவில் சிலோன்காரன் என்றால்தான் அவர் வீட்டைக் காட்டினார்கள். மாமா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தை, நாங்கள் வருகிறோம் என்று ஒரு பெட்டி நிறைய லட்டு வாங்கி வைத்திருந்தாள். அம்மா அதைப் பிரிக்க விடவில்லை.

"லயத்துல எல்லாத்துக்கும் குடுக்கணும் அண்ணி. மெட்ராஸ் போய்ட்டு வெறுங்கையா போனா காறித் துப்புவாளுங்க."

கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிகிறவள் அவள். பெட்டியைச் சணலால் இரண்டு பக்கமும் குறுக்காகக் கட்டி, இறுக்கி முடிந்து, பையின் அடியில் வைத்தாள். அதற்குமேல் எங்கள் துணிகளை அடுக்கினாள்.

ஸ்கானுக்குப் போகிற நாள் அம்மாதான் முதலில் எழுந்தாள். எங்கே போனாலும் அவள், தோட்டத்தில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எழும்புகிற நேரத்தில்தான் எழும்புவாள். மாமாவுக்கென்று ஊரிலிருந்து தேயிலை கொண்டுபோயிருந்தோம். அதில் தேத்தண்ணி ஊற்றினாள். மூன்று பேரும் குடித்தோம். தம்பிக்குக் கோப்பையிலும் சீனி வேண்டும், உள்ளங்கையிலும் வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கையில் இருந்ததை நக்கிக்கொண்டு ஒவ்வொரு மிடறாகக் குடித்தான். அத்தை இட்லி வைக்க வந்தபோது அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "வேணாம் அண்ணி. அவன் வெறும் வயித்தோட போகணும்."

ஸ்கான் எடுக்கும் இடம் பளபளவென்று இருந்தது. உள்ளே அவ்வளவு குளிர்.

"அக்கா, நமுனுகுலயக் கொண்டாந்து உள்ள வச்சிருக்கானுங்க."

ஊசி போடும் இளைஞன் கேட்டான். "காலைல சாப்பிடலைல்ல சார்?"

"இல்லீங்க. வெறும் வயித்தோடதான் வந்துருக்கேன்."

விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் பார்த்தான். நார்மல் என்றான். மருந்து ஓர் ஈயப் பெட்டிக்குள் இருந்து வந்தது.

"அத ஏன் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்க?"

"ரேடியேஷன் இருக்கு சார்."

"என் ஒடம்புக்குள்ள போனா மட்டும் ஒண்ணும் ஆகாதா?"

அவன் சிரித்தான். தம்பியும் சிரித்தான். அன்றைக்குத் தம்பி ரொம்ப உற்சாகமாக இருந்தான். வாழ்க்கையில் அவனை ஒருவர் சார் என்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அங்கிருந்த பெரிய டொக்டர் படத்தைக் காட்டினார். மனித உருவம், சாம்பல் நிறத்தில். "நெஞ்சுல கட்டி இருந்த இடத்தைப் பாருங்க, கறுப்பா ஒண்ணும் இல்ல. டிரீட்மென்ட் நல்லா வேலை செய்யுது." பிறகு கொஞ்சம் குனிந்து பார்த்தார். "தசையெல்லாம்தான் கொஞ்சம் இழுத்திருக்கு. கடினமான வேலை ஏதாவது செஞ்சீங்களா?"

"ஸ்டோர்ல மூட்டை தூக்குறவன் சார்" என்றான் தம்பி.

"அதான்" என்றார் டொக்டர்.

அவன் மூட்டை தூக்கி மாதக்கணக்காகியிருந்தது. ஆனால் சார் என்று கூப்பிடுகிற இடத்தில் நோயாளியாக நிற்க அவனுக்கு மனமில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நல்லா வேலை செய்யுது என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு யாருக்கு வேறு எதுவும் கேட்கும்?

முதலாளியின் சேலைகளைச் சுமந்துகொண்டு திரும்பினோம். லயத்தில் அம்மா பையைக் கவிழ்த்து லட்டுப் பெட்டியை எடுத்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. கவ்வாத்துக் கத்தியை வாங்கி அறுத்தாள். பெட்டியில் விளிம்பு வரைக்கும் லட்டு இருந்தது. லயம் முழுக்கக் கொடுத்தாள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். கொழும்பில் அறிக்கையைப் பார்த்து அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். தம்பி வாந்தி எடுத்தாலும் சந்தோஷமாக எடுத்தான். பிடிக்கிற மருந்தல்லவா?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்கு ஏறி வந்தேன். தம்பி வாசலில் நின்றான். கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

"எப்ப இருந்துடா?"

"சும்மா. வேர்வ."

"எப்ப இருந்துன்னு கேட்டேன்."

அவனைத் திருப்பி நிறுத்தினேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகெல்லாம் கீறல். எத்தனை நாள் அதை அம்மாவிடம் மறைத்தானோ.

பதுளை டொக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். பழைய இடத்துக்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது. சென்னையில் எடுத்த படத்தைக் கேட்டார். அதுவரை அவர் அதைப் பார்க்கவில்லை. கொழும்பில் காட்டினோம், அதோடு சரி. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

"தொடை, தோள், இதயம் எல்லாம் இப்பிடி இழுத்துக் கிடக்கே. அண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டவர்?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா. "நீங்க சொன்ன மாதிரி வெறும் வயிறு. தேத்தண்ணி மட்டுந்தான்."

டொக்டரம்மா திரும்பினார். "சீனி போட்டதோ?"

"சீனி போடாம எப்புடிங்க குடிக்கிறது?"

அந்த அறையில் இருந்த எல்லோருடைய முகத்தையும் இப்போதும் என்னால் சொல்ல முடியும். அம்மா மட்டும்தான் இன்னும் எதுவும் விளங்காமல் நின்றாள்.

எங்கள் பக்கத்தில் தேத்தண்ணி சாப்பாடு இல்லை. விடியுமுன் குடித்துவிட்டுத்தான் ஆட்கள் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். கங்காணி வேலை பிரித்துக் கொடுத்து, மலையேறி, வெயில் ஏறிய பிறகுதான் ரொட்டி. அந்த ரொட்டி வரைக்கும் வெறும் வயிறு என்றுதான் சொல்வோம். சந்ததி சந்ததியாக அப்படித்தான் மலையேறியிருக்கிறோம். மூச்சு விட்டதை யாராவது கணக்கில் வைப்பார்களா? அம்மா பொய் சொல்லவில்லை. தம்பி பொய் சொல்லவில்லை. டொக்டரம்மா சொன்னதைச் சொன்னபடி செய்தோம்.

டொக்டரம்மா மெதுவாக விளக்கினார். சீனி வயிற்றுக்குப் போனால் உடம்பு அதைச் செலவழிக்க ஆயத்தமாகிவிடும். தசைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த நேரத்தில் ஊசியில் ஏற்றிய சீனியையும் தசைகளே இழுத்துவிடும். கான்சருக்குப் போக வேண்டியது போகாது. உயிரோடு இருக்கிற கட்டியும் படத்தில் வெளுத்துத் தெரியும். விரலில் குத்திப் பார்க்கிற இரத்தத்தில் அது பிடிபடாமலும் போகலாம்.

"நீங்கதானுங்களே சீனி ஊசி போடுவாங்கன்னீங்க" என்றாள் அம்மா. "அதே சீனிதானங்க இதுவும்." குரல் நடுவில் உடைந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அந்தப் படம் பிழை எண்டும் சொல்லேலாது, சரி எண்டும் சொல்லேலாது" என்றார் டொக்டரம்மா. "கட்டியில வெட்டிப் பாப்பம்." பிறகு என்னைப் பார்த்தார். "தேத்தண்ணியைப் பற்றி நான் சொல்லியிருக்கவேணும்."

"ஆமாங்க. சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷி. அவரைப்போல எங்களுக்கு வேறு யாரும் செய்யவில்லை. இருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான். இத்தனை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஆஸ்பத்திரி. எங்கள் ஆட்கள் காலையில் என்ன குடிப்பார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாதா? சென்னைக்காரன் சாப்பிட்டீங்களா என்று கேட்டான். குடித்தீர்களா என்று கேட்க ஒரு வாய் இல்லை. தேயிலையை மட்டும் உலகம் முழுக்கத் தெரியும்.

அன்றைக்கு பஸ்ஸில் அம்மா நடு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி. அவள் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீனி அள்ளிப் போட்ட கை. பஸ் பதுளையை விட்டு ஏறத் தொடங்கியது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் கொழுந்துக்காரிகள் பறித்த கொழுந்தை நிறை போட வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா நிமிரவில்லை.

"அம்மா" என்றான் தம்பி.

அவன் அவள் தோளை இடித்தான்.

"அம்மா, தேத்தண்ணியில ஒண்ணும் இல்ல. நான் லட்டு தின்னுட்டேன்."

"என்னா?"

"மாமா வீட்டுல. வெள்ளன எழும்பி அத்தை குடுத்த பெட்டியத் தொறந்து நாலு லட்டு தின்னுட்டேன். டொக்டரம்மா முன்னுக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு என்னா ஆகப்போகுது? அது லட்டு."

எனக்கு வாய் திறந்துவிட்டது. நாங்கள் மூவரும் ஒரே அறையில்தான் படுத்தோம். அவன் அம்மாவுக்குப் பிறகுதான் எழும்பினான். முடிச்சு அறுத்த பெட்டி நிறைந்து இருந்ததை நானே பார்த்தேன். நான் பேசுவதற்குள் அவன் தன் செருப்புக் காலை நீட்டி என் காலை மிதித்தான். நன்றாக வலிக்க மிதித்தான்.

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு ஓங்கி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"நாலா? நாலா தின்ன? பன்னாடப் பயலே, ஒரு காலம்பற ஒன் நாக்க அடக்க முடியலயா? ஒனக்கு நான் என்னா கொற வச்சேன், திருட்டு லட்டு திங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கொண்டக்டர் என்ன சண்டை என்று சிங்களத்தில் கேட்டான். லட்டுச் சண்டை என்று தம்பி சிங்களத்திலேயே சொன்னான். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். தம்பியும் முதுகைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். அம்மா இறங்குகிற இடம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். மடியில் மல்லாத்தி வைத்திருந்த கையைத்தான் அவனைக் குத்திக் குத்திப் பேசப் பயன்படுத்தினாள்.

வெட்டிப் பார்த்ததில் கட்டி உயிரோடு இருந்தது. மருந்தை மாற்றினார்கள். டொக்டரம்மா முதலில் சொன்ன, உடம்பை உலுப்புகிற மருந்து. உலுப்பியது. வாயெல்லாம் புண். காய்ச்சல். இரத்தம் ஏற்றினார்கள். கட்டி கொஞ்ச நாள் அடங்கி, திரும்ப வந்தது. நான் டொக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன்: அன்றைக்கே படம் சரியாக வந்து, அன்றைக்கே மருந்தை மாற்றியிருந்தால்?

"சொல்லேலாது பிள்ளை. தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம்."

நோயை முன்கூட்டியே அறியத்தான் கடல் கடந்து போனோம். அந்த முன்கூட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் கிடைக்கவில்லை. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தால் உலுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

கடைசி மாதங்கள் தம்பி லயத்தில்தான் கிடந்தான். லயத்துச் சனம் வந்து பார்க்கும்போதெல்லாம் அம்மா லட்டுக் கதையைச் சொல்லித் திட்டுவாள். "இந்தா கெடக்கான் பாருங்க, லட்டுத் திருடன்." அவனும் விடமாட்டான். "நல்ல லட்டும்மா. நெய் மணக்கும். ஒனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கணும்." அவள் துடைப்பத்தைக் காட்டுவாள். அவன் சிரிப்பான், சிரிப்பு இருமலாகும், அவள் ஓடிப்போய் நெஞ்சைத் தடவுவாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "நீ ஏன்டா திட்டு வாங்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒனக்கு வேற வேல இல்லையா? போய் சேல வில்லு" என்றான்.

அந்த வருடத்துப் பனிக்காலம் முடியுமுன் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் அம்மா நிறுத்தவில்லை. நான் லயத்துக்குப் போகிற ஞாயிறுகளிலெல்லாம் யாராவது ஒருத்தியிடம் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை, திருட்டு லட்டு, இல்லாவிட்டால் இன்றைக்கு இருந்திருப்பான். செத்தவன்மேல் இப்படி ஒரு பழி. அவன் கேட்டு வாங்கிய பழிதான். இருந்தாலும் எனக்கு எரியும். ஒருநாள் அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரி தன் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து ஓடியதும் நான் வெடித்துவிட்டேன்.

"போதும்மா! பெட்டியக் கட்டுனது நீ. முடிச்ச அறுத்தது நீ. ஒரு லட்டு கொறஞ்சிச்சா அதுல?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதாடி?"

"தெரிஞ்சுமா அவன ஏசுன?"

"ஏசாம? அன்னைக்கு பஸ்ஸுல என் மொகத்தையே பாத்துக்கிட்டு வந்தான். நான் அடிச்சப்புறந்தான் அவன் மூஞ்சி தெளிஞ்சிச்சு. நான் நம்பிட்டேன்னு அவனுக்கு அம்புட்டு சந்தோசம். அத ஏன் கெடுக்கணும்?"

"அவன்தான் போய்ட்டானே. இன்னும் என்னாத்துக்கு?"

அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அடுத்த வீட்டுக்காரி கருகிய சட்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்து வாசலில் குந்தினாள்.

"என்னாக்கா சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

அம்மா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை அவன் தின்றது ஆறு லட்டு.